பதினோரு பாட்டு போதும் என்றார்

பழைய ராக் இசை விஷயத்தில் நான் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ளும் ஆள் ஒருவர் உண்டு. உறவு ஒன்றும் கிடையாது, பழக்கத்தில் அண்ணன். கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். இப்போது ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். பொழுது முழுக்கப் பாட்டுத்தான். கொஞ்ச நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு பிளேலிஸ்ட் அனுப்பினார். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ‘டஸ்க்’ ஆல்பத்தில் இருக்கும் 20 பாட்டில் ஒன்பதைக் கழித்துவிட்டு மீதியை அதே வரிசையில் அடுக்கியிருந்தார். கூடவே ஒரு குரல் செய்தி: “தம்பி, அந்த லிண்ட்சி பாட்டையெல்லாம் தூக்கிட்டேன். இப்பக் கேளு, தங்கம். ரூமர்ஸுக்கு அடுத்து வந்திருக்க வேண்டிய ஆல்பம் இதுதான். பதினோரு பாட்டு போதும்.”

‘டஸ்க்’கை வெட்டிச் சின்னதாக்குவது ஒன்றும் புதிதில்லை. 1979 அக்டோபரில் அது இரட்டை இசைத்தட்டாக வெளிவந்த நாளிலிருந்தே, இதை ஒற்றைத் தட்டாக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ரசிகர்கள் ஆளுக்கொரு பட்டியல் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான பட்டியல்கள் பிடித்தது, பிடிக்காதது என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கியவை. அண்ணனுடையது வேறு ரகம். குழுவில் கிட்டார் வாசித்துப் பாடும் லிண்ட்சி பக்கிங்ஹாம் எழுதிய ஒன்பதும் வெளியே. பாடகிகள் கிறிஸ்டின் மெக்வீ எழுதிய ஆறும் ஸ்டீவி நிக்ஸ் எழுதிய ஐந்தும் உள்ளே. கூட்டினால் பதினொன்று. அதற்கு முன்னால் வந்த ‘ரூமர்ஸ்’ ஆல்பத்திலும் பதினோரு பாட்டுத்தான். இந்தப் பொருத்தம் தற்செயலானதுதான், தெரியும். ஆனால் ஒருமுறை கண்ணில் பட்ட பிறகு அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை. 4 கோடிக்கு மேல் விற்ற ஒரு ஆல்பத்துக்கு அடுத்ததாக, அதே அளவில் பதினோரு பாட்டு அவர்கள் கையிலேயே இருந்திருக்கிறது. எடுத்து வெளியிட்டிருக்கலாம். ஏன் செய்யவில்லை?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் லிண்ட்சி. பெரிய வெற்றியின் நிழலில் மூச்சு முட்டிய ஒரு கலைஞன், நிறுவனத்தையும் சந்தையையும் எதிர்த்துக்கொண்டு தன் வழியில் போனான். காசு போனாலும் கலை நின்றது. ‘டஸ்க்’ பற்றிய கட்டுரைகளில் பாதி இந்த வீரக்கதைதான். மீதிப் பாதி அதையே தலைகீழாகச் சொல்லும்: ஒரு ஆளின் பிடிவாதம் நான்கு பேரின் பிழைப்பைக் கெடுத்தது என்று. அண்ணன் இரண்டாவது கட்சி. நான் நெடுநாளாக முதல் கட்சியில் இருந்தேன். அவருடைய பட்டியலைக் கேட்ட பிறகு இரண்டிலும் இருக்க முடியவில்லை.

பன்னிரண்டாவது ஆல்பம்

‘ரூமர்ஸ்’ கதை எல்லோருக்கும் தெரியும். ஜான் மெக்வீயும் கிறிஸ்டினும் விவாகரத்து, லிண்ட்சியும் ஸ்டீவியும் பிரிவு, எல்லாவற்றையும் பாட்டாக்கி ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் பாடியது, அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 31 வாரம் முதலிடம், 1978இல் கிராமி. அந்தப் பக்கம் நான் போகவில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்றை: ‘ரூமர்ஸ்’ இந்தக் குழுவின் பதினோராவது ஸ்டூடியோ ஆல்பம். ‘டஸ்க்’ பன்னிரண்டாவது.

லிண்ட்சிக்கும் ஸ்டீவிக்கும் ‘ரூமர்ஸ்’ இந்தக் குழுவில் இரண்டாவது ஆல்பம்தான். வந்ததும் வெற்றி, அடுத்தது பெருவெற்றி. ஆனால் டிரம்ஸ் வாசிக்கும் மிக் ஃப்ளீட்வுட்டுக்கும் பேஸ் வாசிக்கும் ஜான் மெக்வீக்கும் அப்படி இல்லை. அவர்கள் 1967இல் லண்டனில் பீட்டர் கிரீனோடு ப்ளூஸ் வாசிக்கத் தொடங்கியவர்கள். ‘ஆல்பட்ராஸ்’ என்ற, வரியே இல்லாத வாத்திய இசையால் 1969 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தவர்கள். சான்டானா உலகப் புகழ் பெறச் செய்த ‘பிளாக் மேஜிக் உமன்’ முதலில் இவர்கள் பாட்டு, பீட்டர் கிரீன் எழுதியது. அப்புறம் அந்த பீட்டர் கிரீன் 1970இல் போய்விட்டார். 1971இல் சுற்றுப்பயணத்தின் நடுவே லாஸ் ஏஞ்சல்ஸில் ஜெரமி ஸ்பென்சர் ஒரு மதக்குழுவில் சேர்ந்து காணாமல் போனார். அடுத்த வருடம் டேனி கர்வானை நீக்கினார்கள். 1974இல் பாப் வெல்ச் விலகினார். அதே வருடம் அவர்களுடைய மேலாளரே, பெயர் தனக்குச் சொந்தம் என்று சொல்லி, சம்பந்தமே இல்லாத ஆட்களை ‘ஃப்ளீட்வுட் மேக்’ என்று மேடையேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார். வழக்கு நடந்தது. இவ்வளவையும் பார்த்தவர்களுக்கு, ஒரு குழு என்றால் இன்ன ஒலிதான் என்ற நம்பிக்கை எப்படி இருக்கும்? ஒலி மாறும், ஆள் மாறுவார்கள், டிரம்ஸும் பேஸும் நிற்கும். அவர்கள் அறிந்த ஒரே விதி அதுதான்.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், பெருவெற்றிக்கு அடுத்த ஆல்பம் என்றதும் நாம் ஒரு பயத்தைக் கற்பனை செய்துகொள்கிறோம். இதை இழந்துவிடுவோமோ என்ற பயம். அது முதல் வெற்றியிலேயே உச்சிக்குப் போனவர்களுக்கு இருக்கும் பயம். ஒன்பது ஆல்பம் போட்டுத் தேய்ந்து, போலிக் குழுவோடு கோர்ட்டுக்குப் போய், அப்புறம் ஜெயித்தவர்களுக்கு அது வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். இந்த ஆல்பத்தில் பழைய ஆட்களின் பங்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. டஸ்க்கில் மிக்கும் ஜானும் ஒரு பாட்டுக்கூட எழுதவில்லை, அதனால் கதையில் அவர்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

குளியலறைத் தரை

1978. லிண்ட்சி அப்போது கேட்டுக்கொண்டிருந்தது டாக்கிங் ஹெட்ஸ், க்ளாஷ் மாதிரியான புதிய குழுக்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் இருபது வயதுக்காரர்கள் இரண்டு நிமிடப் பாட்டுகளை ஒரே மூச்சில் அடித்து முடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கிண்டல் செய்த பணக்காரக் கலிபோர்னியா இசையின் உச்சியில் உட்கார்ந்திருந்தது இவருடைய குழு. ‘ரூமர்ஸ் பாகம் இரண்டு’ செய்யமாட்டேன் என்று சொன்னார். சொன்னதோடு நிற்காமல் மிக்கிடம் போய், சில பாட்டுகளை ஸ்டூடியோவில் எல்லோரோடும் உட்கார்ந்து செய்யாமல் தனியாக என் வீட்டிலேயே பதிவு செய்ய விரும்புகிறேன் என்றார்.

வீட்டில் அவர் செய்தவற்றைப் படித்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். குளியலறையின் ஓட்டுத் தரையில் மைக்கை ஒட்டிவைத்து, தண்டால் எடுக்கிற நிலையில் குனிந்து பாடியிருக்கிறார். அந்த அறையின் எதிரொலியும் உடம்பின் இறுக்கமும் குரலில் விழ வேண்டும் என்பதற்காக. டிரம்ஸுக்குப் பதிலாகக் காலி டிஷ்யூ பெட்டியைத் தட்டியிருக்கிறார். ஸ்டூடியோவிலும் லேசுப்பட்ட ஆளாக இல்லை. தயாரிப்பில் கூட இருந்த ஒலிப்பொறியாளர் கென் கலே பிற்பாடு சொன்னது இது: ஆரம்பத்திலேயே லிண்ட்சி வந்து, கன்சோலில் இருக்கும் குமிழ் எல்லாவற்றையும் இப்போது இருக்கும் இடத்திலிருந்து 180 பாகை திருப்பு, என்ன ஆகிறது பார்ப்போம் என்றாராம். ‘ரூமர்ஸ்’ ஒலியைப் பொன்னிழையாக இழைத்த ஆளிடமே போய் அதைக் கலைக்கச் சொல்வது! கலே அதை ரசிக்கவில்லை.

சரி, இதெல்லாம் லிண்ட்சி பக்கக் கதை. நான் திரும்பத் திரும்ப யோசிப்பது, அவர் போய்க் கேட்டபோது மிக் என்ன நினைத்திருப்பார் என்பதை. மிக் வெறும் டிரம்மர் இல்லை. அந்தப் போலிக் குழு விவகாரத்துக்குப் பிறகு வெளி ஆளை நம்பாமல் குழுவின் நிர்வாகத்தையும் அவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்பத்தை வெளியிடும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியவர் அவர். இன்னொரு ‘ரூமர்ஸ்’ எப்போது வரும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அதோடு, வீட்டில் தனியாகப் பதிவு செய்கிறேன் என்று ஒரு கிட்டார்காரர் சொன்னால் அதற்கு அர்த்தம், அந்தப் பாட்டுகளில் டிரம்ஸும் பேஸும் வேண்டாம் என்பது. குழுவின் பெயரிலேயே இருக்கிற இரண்டு பேர் இல்லாமல் குழுவின் பாட்டு. ஒரு டிரம்மரிடம், உன் இடத்தில் டிஷ்யூ பெட்டி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்வதுதான் அது. அவர் சரி என்றார்.

அந்தச் சரி எனக்குக் குளியலறைத் தண்டாலைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. தனக்குத் தோன்றியதைச் செய்வது கலைஞனுக்கு இயல்பு. அதில் துணிச்சல் இருக்கிறது, ஆனால் சந்தோஷமும் இருக்கிறது. எதிரில் இருப்பவன் செய்வது தனக்கு நட்டம் என்று தெரிந்தும், தன் பெயரைப் போட்டு அதை வெளியிடச் சம்மதிப்பதில் என்ன சந்தோஷம்? மிக் அந்த ஆல்பத்தைப் பிற்பாடு தன் பிரியமான ஃப்ளீட்வுட் மேக் ஆல்பம் என்றே சொல்லிவந்தார். சும்மா தலையாட்டிவிட்டு ஒதுங்கியவர் அப்படிச் சொல்லமாட்டார்.

சொல்லப்போனால் இருப்பதிலேயே பெரிய கிறுக்குத்தனம் மிக்குடையது. நார்மண்டியில் பார்ஃப்ளூர் என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தபோது, காலையில் உள்ளூர் பித்தளை வாத்தியக் குழு ஒன்று தெருத்தெருவாகச் சுற்றி வாசித்துக்கொண்டே போனதாம். முந்தின இரவின் போதை தெளியாத தலையோடு இவர் படுத்திருக்கிறார், அந்தக் குழு சுற்றிச் சுற்றி வருகிறது, பின்னாலேயே ஊர் ஜனம். அதிலிருந்து பிறந்ததுதான் ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டில் அணிவகுப்பு வாத்தியக் குழுவைச் சேர்க்கும் யோசனை. மேடை ஒத்திகையில் சும்மா வாசித்துப் பார்க்கும் ஒரு டிரம்ஸ் துண்டைச் சுழலவிட்டு, அதன்மேல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ட்ரோஜன் அணிவகுப்புக் குழுவை, நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களை, 1979 ஜூனில் காலியாக இருந்த டாட்ஜர் மைதானத்தில் நிறுத்திப் பதிவு செய்தார்கள். ஜான் அந்த நேரத்தில் தாஹிட்டிப் பக்கம் போய்விட்டார். அவருடைய ஆளுயர அட்டைப் படம் ஒன்றைச் செய்து, வீடியோவில் மிக் அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் நடக்கிறார். அந்தப் பாட்டு அமெரிக்காவில் 8ஆம் இடம், பிரிட்டனில் 6ஆம் இடம் வரை போனது. அந்தப் பல்கலைக்கழகக் குழு இன்றும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் அதை வாசிக்கிறது. எழுதியவர் லிண்ட்சி என்பதால் இதுவும் அண்ணனின் பட்டியலில் வெளியே.

பட்டியலைக் கேட்டேன்

கேட்டேன். ஒழுங்காக, ஹெட்போன் போட்டுக்கொண்டு, தொடக்கத்திலிருந்து. முதல் இரண்டு பாட்டுக்கு அண்ணன் ஜெயித்துவிட்டார் என்றே தோன்றியது. ‘ஓவர் அண்ட் ஓவர்’ கிறிஸ்டினின் அந்தத் தாழ்ந்த, அவசரமில்லாத குரலில் தொடங்குகிறது. அது முடிந்ததும் நேராக ‘திங்க் அபவுட் மீ’. சுத்தமான, துள்ளலான பாட்டு. வானொலிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். அடுத்தது ‘சாரா’. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, ஸ்டீவியின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. எத்தனை முறை கேட்டாலும் அந்தக் கோரஸ் அடுக்குகளில் புதிதாக ஏதோ காதில் விழும். அப்புறம் ‘ஸ்டார்ம்ஸ்’. அதுவும் ஸ்டீவி, அதுவும் மெதுவான பாட்டு, ஐந்தரை நிமிடம். அப்புறம் ‘சிஸ்டர்ஸ் ஆஃப் தி மூன்’. மறுபடி ஸ்டீவி. அப்புறம் ‘ஏஞ்சல்’. மறுபடி ஸ்டீவி.

லிண்ட்சியை எடுத்துவிட்டால் நாலு ஸ்டீவி பாட்டு வரிசையாக வந்து நிற்கின்றன, 21 நிமிடத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் தனியாக எடுத்தால் அருமை. அடுத்தடுத்து வரும்போது ‘ஸ்டார்ம்ஸ்’ முடிவதற்குள் என் கை போனைத் தேடியது. மூலத் தட்டில் ‘சாரா’ முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. தட்டைத் திருப்பிப் போட்டால் ‘வாட் மேக்ஸ் யூ திங்க் யூ ஆர் தி ஒன்’. மிக்கின் ஸ்நேர் டிரம் காதுக்குள் அறைய, லிண்ட்சி கத்துகிறார். அந்த அறை வாங்கிய காதுக்குத்தான் ‘ஸ்டார்ம்ஸ்’ அப்படி ஒரு வெறுமையோடு வந்து சேரும். பின்பாதியும் இதே கதிதான். மூலத்தில் ‘ஏஞ்சல்’ பாட்டுக்கும் ‘பிரவுன் ஐஸ்’ பாட்டுக்கும் நடுவே ‘தட்ஸ் இனஃப் ஃபார் மீ’ என்று இரண்டு நிமிடம்கூட ஓடாத ஒரு வெறிப் பாட்டு இருக்கிறது. தனியாகக் கேட்டால் கிட்டத்தட்ட அர்த்தமில்லாதது. அதைத் தூக்கினால் ‘பிரவுன் ஐஸ்’ படுத்துவிடுகிறது. பீட்டர் கிரீன், ஆமாம் அதே பீட்டர் கிரீன்தான், உறையில் பெயர்கூடப் போட்டுக்கொள்ளாமல் வந்து கிட்டார் வாசித்திருக்கும் பாட்டு அது.

இதைவிட முக்கியமான இன்னொன்றும் பிடிபட்டது. அண்ணனின் பதினொன்று ‘ரூமர்ஸ்’ மாதிரி ஒலிக்கவே இல்லை. அதைவிட இருட்டாக, மெதுவாக, தனிமையாக இருக்கிறது. ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தை முன்னால் தள்ளிக்கொண்டு போன பாட்டுகள் எவை? ‘செகண்ட் ஹாண்ட் நியூஸ்’, ‘கோ யுவர் ஓன் வே’. இரண்டும் லிண்ட்சி எழுதியவை. இந்தத் தடவை அவர் அந்த மாதிரிப் பாட்டை எழுதித் தரவில்லை. அதனால் ‘ரூமர்ஸ் பாகம் இரண்டு’ என்ற ஒன்று அவர்கள் கையில் இருக்கவே இல்லை; மேலே நான் கேட்ட கேள்விக்கே பாதி பதில் இதில் இருக்கிறது. கிறிஸ்டினும் ஸ்டீவியும் பழைய பாணியிலேயே நின்றார்கள், லிண்ட்சி மட்டும் மாறினார் என்று விமரிசகர்கள் எழுதுவதும் காதால் கேட்டுச் சொல்வதாகத் தெரியவில்லை. ‘நெவர் மேக் மீ க்ரை’ பாட்டில் கிறிஸ்டினைச் சுற்றி எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ‘ரூமர்ஸ்’ ஒலியில் அந்த இடத்தை ஏதாவது ஒன்று நிரப்பியிருக்கும். இங்கே விட்டுவைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு. லிண்ட்சியின் ஒன்பது பாட்டும் சேர்ந்து ஏறக்குறைய 27 நிமிடம். மற்ற இருவரின் பதினொன்றும் ஏறக்குறைய 47 நிமிடம். லிண்ட்சியின் ஆல்பம் என்று ஊரெல்லாம் சொல்லும் ஆல்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் அவர் பாட்டு இல்லை. வீரக்கதைக்காரர்களும் வில்லன் கதைக்காரர்களும் சேர்ந்தே இந்தக் கணக்கை மறந்துவிட்டார்கள்.

ஸ்டீவிக்கு இந்த நீளம் எவ்வளவு தேவையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ‘ரூமர்ஸ்’ தட்டில் இடம் போதவில்லை என்று அவருடைய ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாட்டைத் தூக்கிவிட்டு, ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் போட்டார்கள். அந்தக் கோபம் அவருக்குப் பல வருடம் ஆறவில்லை. ‘டஸ்க்’ என்ற பெயரே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இரண்டு தட்டு என்பதால்தான் ‘சாரா’ ஆறு நிமிடம் மூச்சுவிட முடிந்தது. அதற்கும் ஆயுசு கொஞ்சம்தான். பிற்பாடு சிடி வந்தபோது 74 நிமிடத்தை ஒரே வட்டில் அடக்க முடியாமல் வெட்டுப் பட்டது ‘சாரா’தான். நான் முதலில் வாங்கியது அந்த சிடி. முழு ‘சாரா’ என்று ஒன்று இருப்பது தெரியாமலேயே அந்தப் பாட்டை நேசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கதை இன்னும் மோசம். எண்பதுகளில் ரெக்கார்டிங் கடையில் ஒரு அறுபது நிமிட காசெட்டைக் கொடுத்து ‘டஸ்க்’கைப் பதிவு செய்து தரச் சொல்லியிருக்கிறார். 74 நிமிடம் அதில் எப்படி அடங்கும்? கடைக்காரர் தனக்குச் சத்தமாகத் தோன்றியதையெல்லாம் விட்டுவிட்டுப் பதிவு செய்து கொடுத்துவிட்டார். ‘தி லெட்ஜ்’ என்று ஒரு பாட்டு இருப்பதே அண்ணனுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். “அந்தக் கடைக்காரனுக்கு ரசனை இருந்துச்சு தம்பி” என்கிறார் இன்றைக்கும்.

‘தி லெட்ஜ்’ பற்றி ஒரு வார்த்தை. இரண்டாவது பாட்டு. ‘ஓவர் அண்ட் ஓவர்’ தன் வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு மெல்லத் தேய்கிறது. மனசு இளகி உட்கார்ந்திருக்கும்போது, தாழ்ந்த சுதியில் கிட்டார் கடகடவென்று ஓட, அட்டைப் பெட்டித் தாளத்தோடு நாலைந்து லிண்ட்சிகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் முணுமுணுக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் பட்டென்று முடிந்துவிடும். யாரோ குடிபோதையில் கதவைத் தட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். அதை நாலாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கலாம். முதல் பக்கத்தில் இரண்டாவதாக வைத்தார்கள், ‘ரூமர்ஸ்’ ரசிகன் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள். இந்த வரிசை ஐந்து பேரும் பெயர் போட்டுக்கொண்டு வெளியிட்டது. ஒரு ஆள் மட்டும் செய்த காரியமாக இதைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

காசு

கணக்கு வழக்கில் அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு. செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதுவரை எந்த ராக் ஆல்பத்துக்கும் இவ்வளவு ஆனதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. சொந்தமாக ஸ்டூடியோ வாங்கிவிடலாம் என்று மிக் சொன்னதை மற்றவர்கள் ஏற்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸின் வில்லேஜ் ரெக்கார்டரில் ஸ்டூடியோ டி என்ற அறையை இவர்களுக்கென்றே சீரமைத்து, கடைசியில் அதற்கு வாடகையும் கொடுத்தார்கள். ஆல்பத்தின் விலை 15.98 டாலர். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் 4ஆம் இடத்தோடு நின்றது. உலகம் முழுக்க 40 லட்சம் விற்றதாகச் சொல்கிறார்கள். வேறு எந்தக் குழுவுக்கும் இது திருவிழா. இவர்களுக்குத் தோல்வி. வார்னர் அதிகாரிகள் முதல்முறை கேட்டபோது தங்கள் கிறிஸ்துமஸ் போனஸ் ஜன்னல் வழியாகப் பறந்துபோவதைப் பார்த்தார்கள் என்று லிண்ட்சி நேர்காணல்களில் சொல்லிச் சிரிப்பார்.

விற்காததற்கு மிக் சொன்ன காரணம், ஆர்கேஓ வானொலி நிலையங்கள் முழு ஆல்பத்தையும் ஒலிபரப்பியதால் ஜனங்கள் வீட்டிலேயே காசெட்டில் பதிவு செய்துகொண்டார்கள் என்பது. இருக்கலாம். இரட்டைத் தட்டு, விலை அதிகம் என்பார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. அடுத்த மாதமே வந்த பிங்க் ஃப்ளாய்டின் ‘தி வால்’ இரட்டைத் தட்டுத்தான். 1980இல் 15 வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. கதவைத் தட்டிவிட்டு ஓடும் பாட்டை ஜனங்கள் அந்த வருடம் விரும்பவில்லை, அவ்வளவுதான். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

‘டஸ்க்’ வந்த அதே பருவத்தில் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது ஈகிள்ஸின் ‘தி லாங் ரன்’. அதுவும் ஒரு பெருவெற்றிக்கு, ‘ஹோட்டல் கலிபோர்னியா’வுக்கு, அடுத்த ஆல்பம். 9 வாரம் முதலிடம். கேட்டால் தெரியும்: எங்கும் பிசகு இல்லை, எங்கும் மூச்சும் இல்லை. அடுத்த வருடமே குழு உடைந்தது. ‘டஸ்க்’ போட்ட ஐவர் உடையவில்லை என்பதைச் சாதனையாகச் சொல்ல ஆசைதான். ஆனால் அவர்களும் சுத்தமான கதை தரவில்லை. விற்பனைக் கணக்கு வந்த பிறகு, இனி இப்படிப் பாட்டுப் பண்ணப்போவதில்லை என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள் என்கிறார் லிண்ட்சி. 1981இல் லிண்ட்சியும் ஸ்டீவியும் தனித்தனியே ஆல்பம் போட்டார்கள். ஸ்டீவியின் ‘பெல்லா டோனா’ முதலிடத்துக்குப் போனது. 1982இல் குழு மறுபடி கூடி ‘மிராஜ்’ செய்தது. ஒற்றைத் தட்டு, இனிமையான பாட்டுகள், அமெரிக்காவில் 5 வாரம் முதலிடம். அண்ணனுக்கு உயிர். நான் வருடத்துக்கு ஒருமுறை போட்டால் அதிகம். மிக்கின் சரிக்கும் ஒரு காலக்கெடு இருந்தது என்பதை அந்த ஆல்பத்தின் ஒவ்வொரு பாட்டும் சொல்கிறது.

ஆனால் நடுவில் ஒரு வருடம் இருக்கிறதே. ‘டஸ்க்’ வெளிவந்த கையோடு அவர்கள் உலகம் சுற்றக் கிளம்பினார்கள், 1980 செப்டம்பரில் ஹாலிவுட் பௌலில்தான் முடித்தார்கள். அந்தச் சுற்றில் பதிவானவை டிசம்பரில் ‘லைவ்’ என்று இன்னொரு இரட்டைத் தட்டாக வந்தன. அதில் ‘நாட் தட் ஃபன்னி’ இருக்கிறது. ‘டஸ்க்’கில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே அதிகமாக ஓடும், பொம்மை வாத்தியம் மாதிரி ஒலிக்கும் கிறுக்குப் பாட்டு. மேடையில் அதை ஒன்பது நிமிடம் வாசிக்கிறார்கள். ஜானின் பேஸ் அடியில் இறங்கி நடக்க, மிக் டிரம்ஸைப் போட்டு அடி அடியென்று அடிக்கிறார். லிண்ட்சி எதற்கெடுத்தாலும் கத்துகிறார். அரங்கில் இருப்பவர்கள் ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தின் ‘ட்ரீம்ஸ்’ கேட்க டிக்கெட் வாங்கியவர்கள். பெரும்பாலோர் கை தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.